பேட்ஜின்மேல் கை

பிப்ரவரி 3, திங்கள்
வாசல் பனியை வாருவது இன்று என் முறை. இறங்கிப் பார்த்தால் கோல்பி பாதி வாரிவிட்டு நிற்கிறான். "போய்த் தூங்குடா சோம்பேறி" என்றான். மத்தியானம் பனித்தரையில் ஹாக்கி ஆடப் போடும் தன் ஸ்கேட்ஸ் காலணிகளைத் தூக்கி என் மடியில் போட்டான். இந்த வீட்டில் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர் சங்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் சத்தியம் செய்து சேர்ந்தவர்கள். மூன்று வருடமாகக் கெஞ்சியும் அந்த ஸ்கேட்ஸை ஒரு நாள்கூட இரவல் தராதவன். "வெச்சுக்கோ. எனக்கெதுக்கு?" என்றான். இன்று எனக்கு நல்ல நேரம்.

பிப்ரவரி 6, வியாழன்
கீழ்த்தளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கோல்பி வந்து, "பேட்ஜ்மேல கை வை" என்றான். சட்டையில் குத்தியிருக்கும் சங்க பேட்ஜைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொல்கிறான். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டால் முடிந்தது, அதற்குப் பின் சொல்வது சுவருக்கும் தெரியக்கூடாது. மீறினவனின் பேட்ஜைப் பிடுங்கிவிடுவார்கள். ஏதோ பெண் விவகாரம் என்று நினைத்துக் கையை வைத்தேன்.

"காலைல கண்ணு முழிச்சதும், ஐயோ முழிச்சுட்டோமேன்னு இருக்கு மச்சான். கிறிஸ்துமஸ்லேர்ந்து இப்படித்தான். நான் இல்லாமப் போயிட்டா தேவலைன்னு தோணுது."

நான் என்ன சொன்னேன்? "பரீட்சை டென்ஷன்டா" என்றேன். கழுதை. வேறு எதுவும் வாயில் வரவில்லை. "ஆமா, அதான் போல" என்று அவனும் போய்விட்டான்.

அறைக்கு வந்தால் மேசைக்கடியில் அந்த ஸ்கேட்ஸ். எதற்குக் கொடுத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இனித் தனக்குத் தேவைப்படாது என்றுதான்.

பிப்ரவரி 7, வெள்ளி
காலை ஆறரை. அறைகள் படிக்கத்தான், எல்லோரும் தூங்குவது ஒரே கூடத்தில், முப்பத்தெட்டுப் பேர், இந்தக் குளிரிலும் வீட்டு வழக்கப்படி ஜன்னல்கள் திறந்து கிடக்க. கோல்பியின் போர்வை ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்தேன். இறங்கியது.

பிப்ரவரி 8, சனி
இன்றும் பார்த்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு
வாரக் கூட்டம். கடைசியில் தலைவர் ப்ரெஸ்டனின் மரச்சுத்தியல் கை மாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவன் மனதில் இருப்பதைப் பேசலாம், யாரும் குறுக்கிடக் கூடாது. லார்ஸ், எங்கள் கால்பந்துக்கார ஆறரை அடி மலை, வாங்கிய வேகத்தில் பக்கத்தில் தள்ளிவிட்டான்.

கோல்பியிடம் வந்தது. சொல்லுடா, இங்கேயே சொல்லிவிடு.

"புதன்கிழமை போட்ட மீட்லோஃப் கறிக்கட்டியை உடைக்க இதைத்தான் கேட்டிருக்கணும்" என்றான். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்
மதியச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. வண்டியும் இல்லை. பதினேழு தடவை போன் போட்டேன். ஆற்றுப் பாலம் வரை நடந்து போய்ப் பார்த்தேன், எதைத் தேடினேன் என்று எழுதமாட்டேன். நாலு மணிக்கு வந்தான், கையில் காபியோடு.

"லைப்ரரில இருந்தேன். நீ என்ன என் பொண்டாட்டியா?"

"யார்கிட்டயாவது சொல்லலாம்டா. நானும் கூட வர்றேன்."

"பேட்ஜ்மேல கை வெச்ச" என்றான். கத்தவில்லை, அதுதான் பயம்.

சொன்னால் அவனை இழப்பேன். சொல்லாவிட்டால்?

பிப்ரவரி 13, வியாழன்
சொல்லிவிட்டேன்.

முதலில் கல்லூரி மனநல மையத்துக்குப் போன். இப்போது அவன் கூட யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறான் என்று நிதானமாகக் கேட்டார்கள். இன்றே கூட்டிவாருங்கள், வீட்டிலும் ஒருவருக்குத் தெரியட்டும் என்றார்கள். பிறகு அவன் அப்பாவுக்கு. பன்றிப் பண்ணைக்காரர், வாய் திறந்து நாலு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. நான் சொல்லி முடித்ததும், பன்றிகளின் சத்தத்துக்கு நடுவே வாளியைக் கீழே வைப்பது கேட்டது.

"இப்ப எங்க இருக்கான்?"

"வகுப்புல, சார். நான் கதவுக்கு வெளியதான் நிக்கிறேன்."

"கண்ணை அவன்மேலேர்ந்து எடுக்காத தம்பி. நான் கிளம்பிட்டேன்."

இரண்டு மணி நேரத்தில், தொழுவத்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். கோல்பி அவரைப் பார்த்தான், பிறகு என்னை. மூவருமாக மையத்துக்குப் போனோம். வெளியே வந்ததும் அப்பாவோடு ஊருக்குப் போய்விட்டான். ஸ்கேட்ஸை அவர்கள் வண்டியின் பின்னால் வைத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு
என்மேல் புகார். எழுதி அனுப்பியவன் கோல்பி. ஒரே வரி: எம்மெட் சத்தியத்தை மீறினான்.

ஒழுங்குக் குழுவில் நான்கு பேர், நடுவில் ப்ரெஸ்டன். சொன்னாயா என்று கேட்டான். "சொன்னேன். திரும்ப நடந்தாலும் சொல்லுவேன்." குழுவில் ஒருவனான லார்ஸ் மேசையைப் பார்த்தபடியே இருந்தான்.

"விதி விதிதான் எம்மெட். எனக்கென்ன ஆசையா?" என்றான் ப்ரெஸ்டன். பருவம் முடியும்வரை பேட்ஜ் கிடையாது, கூட்டத்தில் இடம் கிடையாது. சட்டையிலிருந்து நானே கழற்றிக் கொடுத்தேன். ஊசி விரலில் குத்தியது. அறைக்கு வந்து அழுதேன். பேட்ஜுக்காக அழவில்லை, கோல்பி தன் கைப்பட எழுதியிருந்தானே, அதற்காக.

பிப்ரவரி 22, சனி
கோல்பியிடமிருந்து ஒன்றுமில்லை. இருக்கிறானா என்றுகூட எப்படிக் கேட்பது?

மார்ச் 4, செவ்வாய்
வகுப்பு முடிந்து கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன். லார்ஸ் வந்தான். தலை இடிக்காமல் குனிந்து, அப்படியே நின்றான்.

"கோல்பிகூடப் பேசினேன்."

கையிலிருந்த சட்டை நழுவியது. "எப்படி இருக்கான்?"

"மருந்துல வாய் காயுதாம். வாரம் ரெண்டு தடவை டாக்டர்கிட்ட போறானாம். பன்னிக்கெல்லாம் அவன்தான் தீனி போடுறானாம், அவங்கப்பா பக்கத்தைவிட்டு நகர மாட்டேங்கிறாராம். உன்மேல இன்னும் கோவம்தான்."

"இருக்கட்டும்." கோபப்பட அவன் இருக்கிறானே. எனக்கு அது போதும்.

லார்ஸ் போகவில்லை. வாஷிங் மெஷின் மூடியைத் திறந்து மூடினான்.

"எனக்கும் காலைல அப்படித்தான் இருக்கு, எம்மெட். ரொம்ப நாளா. அவன்கிட்ட சொன்னேன். எம்மெட்கிட்ட போடான்னான். அந்த நாய் வாயை மூட மாட்டான், அவன்கிட்ட சொன்னாத்தான் சரியா வரும்னான்."

துணியை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பு, தோள் குலுங்கியது. இந்தத் தடவை பரீட்சை என்று உளறவில்லை.

"மையத்துக்கு இப்பவே போலாம், நான் வர்றேன்" என்றேன். "வேற யார்கிட்ட சொல்லட்டும்?"

"எங்கம்மாகிட்ட" என்றான். "எனக்கு வாய் வரல."

அவன் போனை வாங்கிக்கொண்டேன்.