தகடு அடித்து மூடிய வெடிப்பு வால்வுகளைத் திறக்கவும், தொழுமிடத்தை நகர்த்தவும் கோரும் மனு

அனுப்புநர்
ரியாத் பூஸ்மாஹா,
பராமரிப்புப் பொறியாளர்,
எரிவாயு அழுத்த நிலையம்,
ஹாசி நெஜ்லா.

பெறுநர்
தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
தென் மாவட்ட அலுவலகம்,
அல்ஜீரியா.

பொருள்: இரண்டாம் எண் கம்ப்ரசரின் எஞ்சின் வெடித்து ஆப்பரேட்டர் லக்தர் ஜெல்லூல் இறந்தது, அதே குறையுள்ள மற்ற இரண்டு எஞ்சின்களை வரும் ஞாயிறன்று ஓட்டாமல் தடுக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். லக்தர் சிகரெட் பிடித்ததால் எஞ்சின் வெடித்தது என்று நிலைய நிர்வாகம் தங்களுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறது. அது பொய். அவர் சட்டைப்பையில் புகையிலை டப்பா இருந்தது உண்மை. அதில் இருந்தது ஷெம்மா. உதட்டுக்கு அடியில் அதக்கிக்கொள்ளும் சரக்குக்கு நெருப்பு எதற்கு? இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இது தெரியும். அறிக்கை எழுதியவருக்கும் தெரியும்.

2. வெடித்தது எஞ்சினின் அடிப்பெட்டிக்கு உள்ளே. பேரிங் ஒன்று காய்ந்து சூடேறியிருக்கிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவியாகி, மூடிய பெட்டிக்குள் பற்றிக்கொண்டது. வெளியே யார் சிகரெட் பிடித்தாலும் அது இரும்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகாது.

3. இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் எஞ்சின் செய்தவர்கள் அடிப்பெட்டியின் பக்கத்தில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். உள்ளே அழுத்தம் கூடினால் அது திறந்து வெளியே விடும். அதிலுள்ள கம்பி வலை தீயை அடக்கும். உடனே மூடிக்கொள்ளும், வெளிக்காற்று உள்ளே போய் இரண்டாம் முறை வெடிக்காது. எங்கள் நிலையத்தின் மூன்று எஞ்சின்களிலும் இந்த வால்வின் மேல் தகடு வைத்து வெல்டிங் செய்யப்பட்டுள்ளது.

4. தகடு வந்த கதையையும் சொல்ல வேண்டும். வால்வுகளின் ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் ஒழுகியது. "டாக்டரே, உன் பிள்ளைங்க மூணுக்கும் மூக்கு ஒழுகுது, மருந்து குடுக்கமாட்டியா?" என்று லக்தர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வார். நான் வளையம் கேட்டு எழுதிப்போட்டேன், வரவில்லை. எண்ணெய் விழுந்த இடம் எங்கள் ஆட்கள் தொழுகிற இடம். எஞ்சின் கூடத்துக்குள்ளே, வால்வுகள் இருக்கும் பக்கத்துச் சுவர் மணற்காற்றை மறைக்கும், குளிருக்கு எஞ்சின் சூடு இதமாக இருக்கும், அதனால் அங்கே பாய் விரித்துப் பழகிவிட்டார்கள். பாயெல்லாம் எண்ணெய் ஆனது. தொழுகை நடத்தும் ஹாஜி பஷீர், நிலையத் தலைவர் தெராஜியிடம் போய், "எண்ணெய்ல நெத்திய வெச்சு எப்படிங்க தொழுவறது? அந்த ஓட்டைய அடைச்சுக் குடுங்க" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, அது என்ன ஓட்டை என்று அவருக்குத் தெரியாது. தெராஜிக்குத் தெரியும். நான் விடுப்பில் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் தகடு ஏறிவிட்டது.

5. திரும்பி வந்ததும், தகட்டை எடுங்கள், எடுப்பதற்கு முன்பு பாய்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று தெராஜியிடம் சொன்னேன். வால்வு சரியாக வேலை செய்தாலும் அதன் சூடு நேராகப் பாயின் மேல்தான் வரும். அவர் ஆட்களைக் கூட்டிவைத்துச் சிரித்தார். "பாருங்கப்பா, பெரிய படிப்பு படிச்சுட்டு வந்து மொதல் வேலையா பள்ளிவாசலைத் தூக்கச் சொல்றாரு!" அதன்பிறகு யாரும் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் என் மேசைக்கு வந்தவர் லக்தர் ஒருவர்தான். "விடு டாக்டரே, நான் தெனம் பேரிங்கைத் தொட்டுப் பாத்துக்கறேன்" என்றார்.

6. சொன்னபடி பார்த்தார். வெடித்த அன்றும் அபாய மணி அடித்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போயிருக்கிறார். பிற்பகல் அஸர் தொழுகைக்காக மற்றவர்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள், பாய்களில் ஒருவரும் இல்லை. வால்வு திறந்திருந்தால் சேதம் காலிப் பாய்களோடு போயிருக்கும். தகடு தாங்கிக்கொண்டது. எதிர்ப்பக்கத்து மூடி போல்ட்டுகளை அறுத்துக்கொண்டு லக்தர் மேல் வந்து விழுந்தது. அவர் முகத்தை அவர் மனைவியிடம் காட்ட நாங்கள் விடவில்லை. இன்று வெளியில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள், கேஸ் பக்கத்தில் நின்று புகை பிடித்த முட்டாள் என்கிறார்கள்.

7. சிகரெட்தான் காரணம் என்று முடித்துவிட்டதால் மற்ற இரண்டு எஞ்சின்களின் தகடுகளை யாரும் தொடவில்லை. வாசலில் 'புகை பிடிக்காதே' என்று புதிதாக ஒரு பலகை மட்டும் மாட்டியிருக்கிறார்கள். ஹாஜி பஷீர் இப்போது வெளியே மணலில் தனியாகத் தொழுகிறார். "நான்தான் அடைக்கச் சொன்னேன்னு எழுதுப்பா, என் பேரைப் போட்டே எழுது" என்று என்னிடம் சொன்னார், எழுதிவிட்டேன். மற்றவர்கள் அதே பாய்களில்தான் இருக்கிறார்கள். வெளியே குளிர் தாங்காது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

8. ஆகவே தாங்கள் நேரில் வந்து தகடுகளைப் பார்க்க வேண்டும். வால்வுகளைச் சரிசெய்யும் வரை எஞ்சின்களுக்கு முத்திரை வைக்க வேண்டும். நிர்வாகத்தின் செலவில் தொழுவதற்குக் கதகதப்பான வேறு அறை கட்டித்தர உத்தரவிட வேண்டும். வெறுமனே பாயைத் தூக்கச் சொன்னால் மறுநாளே திரும்ப விரித்துவிடுவார்கள். அறிக்கையிலிருந்து சிகரெட்டை நீக்க வேண்டும்.

9. விபத்துக்குப் பிறகு நிறுத்தி வைத்திருக்கும் அந்த இரண்டு எஞ்சின்களையும் ஞாயிறு காலை ஸ்டார்ட் செய்யும் வேலையை என் பெயரில் போட்டிருக்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். அதற்காக என்னை வேலையைவிட்டு அனுப்பினால் போய்விடுவேன். ஆனால் நான் போன அரைமணி நேரத்தில் வேறொருவர் அந்தப் பொத்தானை அழுத்துவார். என் மறுப்பால் இங்கே ஒருவரும் பிழைக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கு முன் தங்கள் உத்தரவு வந்தால் பிழைப்பார்கள்.

இடம்: ஹாசி நெஜ்லா
நாள்: 17 ஜனவரி 2023

இப்படிக்கு,
ரியாத் பூஸ்மாஹா

மேலே என்னைப் பற்றி எழுதியது அனைத்தும் உண்மை:
பஷீர் மெக்கூஸி, பம்ப் ஆப்பரேட்டர்