இலையில் வைக்கும் பிளிம்பிங் சாறு

அக்கா,

நேற்று மாலை லுக்குட் சந்தையில் ஒரு பழக்கடைக்காரன் பிளிம்பிங் பழத்தைக் குறுக்கே நறுக்கி, நட்சத்திரமாக விழுந்த துண்டில் உப்பைத் தூவி என் முன்னே நீட்டினான். "சாப்ட்டுப் பாருங்க அங்கிள், நல்ல இனிப்பு லா" என்றான். அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டேன். திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். அப்படி நினைப்பவர்களின் கூட்டத்தில் அவனும் ஒருவன்.

தீபாவளி நெருங்கிவிட்டது. முந்தின நாள் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்க அண்ணன் கிள்ளானிலிருந்து வருவார். அவர் கையில் அந்தப் பிளிம்பிங் சாறும் வரும்.

உனக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தபோது நீ சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். வேலை போனது. பேசி முடித்திருந்த கல்யாணமும் போனது. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போயிருந்தார்கள். "தம்பி இருக்கான்ல, பாத்துக்குவான்" என்று அண்ணன் போனில் உன்னிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய பொறுப்பு முடிந்தது.

வாரம் மூன்று முறை உன்னைச் சிரம்பானுக்கு டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தம் கழுவக் கூட்டிப்போனேன். ஊசி ஏற்றுவதற்காக உன் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஒரு சின்ன மோட்டார் ஓடுவதைப் போல அதிரும். அது நின்றுவிட்டால் ஊசி ஏற்ற வழியில்லை என்பதால் தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பேன்.

"ஓடுதா?"

"ஓடுதுடா. பெட்ரோல் இன்னும் இருக்கு" என்பாய்.

நோயைவிட உன்னை வாட்டியது தாகம்தான். உனக்கு அனுமதித்த தண்ணீர் ஒரு குழந்தைக்குக்கூடப் போதாது. வண்டியில் போகும்போது ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, அது கரைந்துவிடக் கூடாதே என்று பேசாமல் வருவாய். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனாலோ தண்டனைதான். "ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டியா? எங்க வீட்டுத் தண்ணி உனக்கு ஆகாதா?" என்பார்கள். வந்தவர்கள் கை நனைக்காமல் போனால் அவமானம் என்று நினைக்கும் ஜனங்கள் நாம். நீயும் கோப்பையை வாங்கிக்கொள்வாய். நான் அதைப் பிடுங்கி மேசையில் வைப்பேன். உடனே நீ அவர்களிடம், "தப்பா எடுத்துக்காதீங்க, அவன் அப்படித்தான்" என்பாய். அவர்கள் வற்புறுத்தியதையும் நான் மறக்கவில்லை. நீ என் சார்பில் கேட்ட மன்னிப்பையும் மறக்கவில்லை.

ஒருநாள் திரும்பி வரும் வழியில் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "பிளிம்பிங் ஒரு துண்டுகூடத் தொடக் கூடாதாம்டா. கிட்னி போனவங்களுக்கு அது விஷமாம். நர்ஸ் சொல்றாங்க. நம்ம மரத்தையே தடை பண்ணிட்டாங்க."

நம்ம மரம். பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், நம் லயன் வீட்டுக்குப் பின்னால் நின்ற மரம். அண்ணன் ஏறிப் பறிப்பார். நீ கீழே பாவாடையை ஏந்தி நிற்பாய். பழுத்ததெல்லாம் உனக்கு விழும். எனக்கு விழுந்ததோ புழு வைத்த பழம். "புழுவும் உசுருதானடா, தின்னு" என்று மேலிருந்து சிரிப்பார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நம் பழைய தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போய்விட்டு, அப்படியே நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் டயர் மாற்ற வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரே. தங்கச்சி இன்னைக்கு எவ்வளவு சிரிச்சா தெரியுமா? நீதான் வீட்ட ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருக்க. இது தொடாத, அது தொடாதன்னு. பாவம் லா அவ."

சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சமையலறையில் பெரிய கண்ணாடித் தம்ளர் ஒன்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை நான் கவனித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சாயங்காலம் உனக்கு விக்கல் தொடங்கியது. பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணன் இப்பதானே போனாரு, அதுக்குள்ள நெனைக்கிறாரு பாரு" என்றாள். உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். வருஷக்கணக்கில் கூடவே இருப்பவன் நினைத்தால் விக்கல் வராது போலிருக்கிறது.

"என்ன குடிச்ச?"

"ஒண்ணுமில்லடா. கொஞ்சம் தண்ணிதான்."

விக்கல் நிற்கவில்லை. விடிந்தபோது ஆள் தெரியாமல் நீ என்னை "அண்ணே" என்று கூப்பிட்டாய். ஆஸ்பத்திரியில் உன் விக்கலைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, பிளிம்பிங் சாப்பிட்டாரா என்பதுதான். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். கட்டிலில் கிடந்த நீ மெல்லத் தலையசைத்தாய், ஆமாம் என்று.

இயந்திரத்தை விடாமல் ஓட்டினார்கள். நடுவில் ஒருமுறை உனக்குத் தெளிவு வந்தது.

"நம்ம மரத்துப் பழம்டா. அண்ணன் தன் கையால பிழிஞ்சு கொண்டாந்தாரு. எப்படி வேணாம்னு சொல்றது? அவருகிட்ட சொல்லிடாத. தாங்க மாட்டாரு."

"அப்ப நான் தாங்குவேனா?"

"நீ தாங்குவ."

உன் கையில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்த அதிர்வு அடங்கியது முதலில் என் விரலுக்குத்தான் தெரிந்தது. அண்ணன் ஓடி வந்து, "நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டு இருந்தா, என்னடா ஆச்சு?" என்று என் சட்டையைப் பிடித்தார். நோய் முற்றிவிட்டது என்றேன். "நீ சரியாப் பாத்துக்கல" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார்.

உன் மீதும் எனக்குக் கோபம் உண்டு, அக்கா. எத்தனையோ வருஷம் வண்டி ஓட்டியவனை விட்டுவிட்டு, ஒரு தம்ளர் சாறு கொண்டுவந்தவரைத்தான் காப்பாற்றிவிட்டுப் போனாய்.

ஒவ்வொரு வருஷமும் அவர் அந்த மரத்துப் பழத்தையே தேடிப் பறித்து, பிழிந்து, தம்ளரில் ஊற்றி, உன் படத்துக்கு முன்னால் இலையில் வைக்கிறார். "பாப்பாவுக்கு இதுன்னா உசுரு" என்கிறார். போன வருஷம் படையல் முடிந்ததும் அந்தச் சாற்றை அவரே எடுத்துக் குடித்தார். சற்று நேரத்தில் விக்கல் வந்தது. கண் கலங்க என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியாடா, பாப்பா நெனைக்குது."

அப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன். அண்ணாந்து, மடமடவென்று, ஆசை தீரக் குடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த வருஷமும் வருவார். கதவைத் திறப்பேன், இலை போடுவேன், தண்ணீர் கொடுப்பேன். நீ சொன்னபடி தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குத்தான் இதுவரை ஒரு விக்கலும் வரவில்லை.