துடைப்பத்துக்கு மேலே போன பந்து

உன் கருமாதிக்கு புக்கிட் மெர்தாஜாம் வீட்டுக்குப் போயிருந்தேன். மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படத்தையும் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் புதுச் சட்டத்தின் வார்னிஷ் வாசனை சாம்பிராணியையும் மீறி வந்தது. புக்கிட் தெங்கா தொழிற்சாலையின் பெண்கள் கூடைப்பந்து அணி. நடுவில், பந்தை மடியில் வைத்துக்கொண்டு நீ. அப்போது அணி மேனேஜராக இருந்த அங்கிள் கொண்டுவந்து கொடுத்தாராம்.

அந்தத் தொழிற்சாலை ஆட்டத்துக்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் எடுத்தது. ஜார்ஜ்டவுனில் நாம் படித்த கல்லூரியில் உன்னை மறிக்க ஆளில்லை. ஆனாலும் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தபோது நீ துள்ளிக் குதிக்கவில்லை. "காலேஜ்ல பந்தப் பிடிச்சு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் போடலாம். அங்க மூச்சு விட விடமாட்டாளுங்க லா," என்றாய். விடுதித் துடைப்பத்தை என் கையில் திணித்து உன் முன்னால் நிறுத்தினாய்.

"அங்க உள்ளவளுங்க கை இவ்ளோ உயரம் வரும். நல்லா தூக்கிப் பிடிடி."

"கை வலிக்குது. தலையெல்லாம் குப்பை."

"குளிச்சிக்கலாம். பிடி."

முதலில் பந்து துடைப்பத்தில் பட்டு என் தலையில் விழுந்தது. நீ அங்கே சேருமுன் இருந்த விடுமுறை முடிவதற்குள் ஈர்க்குச்சியைக்கூட உரசாமல் வளையத்தில் இறங்கியது. அங்குள்ள பயிற்சியாளர் ஹொக்கியன் சீனத்தில்தான் கத்துவார் என்று கேள்விப்பட்டு, பாசாரில் மீன் விற்ற சீன அக்காவிடம் இடது, வலது, ஓடு, கொடு எல்லாம் கற்றுக்கொண்டாய். மீன் வாங்காமல் பாடம் மட்டும் கேட்கிறாயே என்று அவள் ஹொக்கியனில் திட்டினாள். அதுவும் உனக்குப் புரிந்தது.

நீ சேர்ந்ததும் அந்தப் படத்தை எடுத்தார்கள். பிறகு பெஞ்ச்தான். ஜார்ஜ்டவுனில் டீச்சராகிவிட்ட நான், தீவிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்து ஒவ்வொரு ஆட்டமும் பார்த்தேன். வெற்றி உறுதியாகிவிட்ட ஆட்டத்தில்கூட உன்னை எழுப்பவில்லை. கடைசியில் நீயே அங்கிளிடம் கேட்டாய். அவர் சொன்னதைப் பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் சொன்னாய்: "படத்துல இந்தியர் ஒரு ஆள் இருந்தா கம்பெனிக்கு வர்றவங்களுக்குப் பார்க்க நல்லாருக்கும்னு முதலாளி ஆசைப்பட்டாராம். சம்பளம்தான் வருதே, என்னம்மா அவசரம்ங்கிறாரு."

அடுத்த ஆண்டு உன்னை எடுக்கவில்லை. நீ குமாஸ்தா வேலைக்குப் போனாய். பந்தைத் தொடவே இல்லை.

கருமாதிப் பந்தியில் அதே அங்கிள் எனக்கு எதிரே உட்கார்ந்து, வடையைப் பிய்த்தபடி பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: "நல்ல பொண்ணு. ஆனா காலேஜ் ஆட்டம் வேற, சம்பள ஆட்டம் வேற. இங்க எடுபடல லா."

"நீங்க எப்ப அங்கிள் ஆட விட்டீங்க?"

"அதெல்லாம் கோச் முடிவு, டீச்சர். சாப்பிடுங்க, பாயசம் வருது."

இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

எடுபட்டிருக்குமா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "முதல் ஆட்டத்துலயே சொதப்பியிருப்பேனோ என்னமோ," என்று சிரித்தாய். சொதப்பிப் பார்க்கக்கூட விடாதவர்தான் அதற்கான பதிலை வடையோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தார்.

வாசல் கூட்டத் துடைப்பத்தை எடுத்தால் இப்போதும் என் கை தானாக மேலே போகும். இன்று காலை, வலிக்கும்வரை அதை இறக்கவில்லை.