இடம் விடாத வரிசை

1992 ஜனவரி 26, ஞாயிறு

வெண்மதிக்கு இந்த வாரம் எழுபத்தெட்டு மார்க். போன வாரம் முப்பத்தொன்பது. அதற்கு முந்தின வாரம் எண்பது. டியூஷனில் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி எழுதுகிறாளா, தாயம் ஆடுகிறாளா? கேட்டேன். "போம்மா" என்று புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டருக்குப் படிக்கப்போகிற முகமாம், பெற்றவள்கூட பார்க்கக் கூடாதாம்.

பிப்ரவரி 2

நாற்பத்திரண்டு. பெண்ணாடத்திலிருந்து என் தம்பி மதிவாணன் வந்திருந்தான். மார்க்கைக் கேட்டதும் முகமெல்லாம் பல். அக்கா மகளைக் கட்டத்தானே இத்தனை வயதுவரை காத்திருக்கிறான்.

"டாக்டரம்மா, எனக்கு ஊசி போட இன்னும் எத்தினி வருசம் ஆவும்?"

"உனக்கு மாட்டு ஊசிதான்டா. அதுக்குப் பரீட்சை வாணாம்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ஏறி ஏறி எறங்குற மார்க்கை நம்பி டாக்டர் சீட்டுக்கு ஊரூரா அலைய என்னால ஆவாது. பெரிய பரீட்சைக்கு முன்னாடி மூணு வாரம் சேர்ந்தாப்புல எழுபது தாண்டட்டும். இல்லன்னா வைகாசியில தாலி."

மதிவாணன் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். நான் ஏன் ஆட்டினேன்?

பிப்ரவரி 3

விடிவதற்கு முன்னாலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள், வெண்மதி.

பிப்ரவரி 9

முப்பத்தாறு. டியூஷன் சார் மார்க்கைப் போர்டில் எழுதுவாரே தவிர தாளைத் தரமாட்டார். இன்று அழுது வாங்கி வந்திருக்கிறாள். கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, ஏழாவது கேள்வி தெரியலன்னு வுட்டுட்டேன். எட்டாவதுக்கு உண்டான பதிலை ஏழாவதுக்கு நேரா இருக்குற வட்டத்துல கருப்பாக்கியிருக்கேன். அதுலேர்ந்து கடைசி வரிக்கும் ஒண்ணொண்ணா மேல ஏறி இருக்குது."

"கடைசியில ஒண்ணு காலியா நிக்குமே, பாக்கலியாடி?"

"அதான் தெரியாத கேள்விக்குன்னு நெனச்சேன். பொம்மைக்குக் கண்ணு வைக்கிற மாதிரியே கை போயிடுச்சும்மா."

செராமிக் கம்பெனியிலிருந்து பொம்மைகளை எடுத்து வந்து வீட்டில் நானும் அவளும் வண்ணம் தீட்டுகிறோம். பலகையில் வரிசையாக நிற்கும். ஒன்று விரிசல் என்றால் எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்ததைத் தள்ளி இடத்தை அடைத்துவிட வேண்டும். அந்த வேலையை அவள் கைக்குப் பழக்கினவள் நான். தெரியாத கேள்வி இல்லாத வாரம் எண்பது. முன்னாலேயே ஒன்று தெரியாமல் போனால் நாற்பது. இவ்வளவுதானா!

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

பிப்ரவரி 10

விரிசல் பொம்மையை எடுத்த இடத்தில் புளியங்கொட்டை வைக்கச் சொல்லியிருக்கிறேன். தள்ளக் கூடாது. தெரியாத கேள்விக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துப் பழகுகிறாள். இரண்டு தடவை தள்ளிவிட்டாள். "டாக்டரம்மா, பேஷண்டு செத்துட்டான், ஆனா பெட்டு அங்கியேதான் இருக்குது" என்றேன். அதற்குச் சிரித்தாள்.

பிப்ரவரி 16

எழுபத்தாறு.

பிப்ரவரி 23

எழுபத்தொன்பது. மதிவாணன் வந்தான். டீ ஆறிப்போயிற்று, தொடவில்லை.

மார்ச் 1

எழுபத்தேழு. இவர் சொன்ன பேச்சை மாற்றவில்லை. முகம்தான் மாறிவிட்டது.

ஆகஸ்ட் 2

தஞ்சாவூரில் மெடிக்கல் சீட்டு கிடைத்துவிட்டது. தெருவே வந்து பார்த்தது. மதிவாணன் வாசலுக்கு உள்ளே வரவில்லை.

"படிச்சு முடிச்சுட்டு என்னைக் கட்டுவாளாக்கா? உண்மையச் சொல்லு."

கேலியாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "வேற பொண்ணு பாருடா தம்பி."

"அப்ப எனக்கு அக்காவும் வாணாம்."

சைக்கிளைத் திருப்பினான். போகும்போது போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

1993 ஜனவரி 13, போகி

பெண்ணாடம் பஸ் வரும் நேரமெல்லாம் வாசலுக்குப் போனேன், கோலத்தைச் சரிசெய்வது போல. அப்பா இருந்தவரை அப்பா, பிறகு தம்பி. பொங்கல் சீர் வராத வருஷம் எனக்கு இருந்ததில்லை. இருட்டுகிற நேரத்தில் இவர் கடைத்தெருவிலிருந்து பானை, மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் தோளில் சுமந்து வந்து இறக்கினார். "கேட்டா பெண்ணாடத்துலேர்ந்து வந்ததுன்னு சொல்லு" என்றார், என் முகத்தைப் பாராமல்.

விடுமுறைக்கு வந்திருந்த வெண்மதி கரும்பை எடுத்து மூலையில் சாத்தினாள்.

பக்கத்து வீட்டு நீலாவதி எட்டிப் பார்த்தாள். "தம்பி வந்தாங்களா?"

"வந்தான். அவசர வேலையாம், வாசல்லயே வெச்சுட்டு ஓடிட்டான்" என்றேன்.