சிகாகோ சுவரில் நாபோரின் கை

ஒரிசாபா,
4 மார்ச் 1935

என் அன்புக் கணவர் பிலேமோனுக்கு,

ஒத்திலியா எழுதுகிறேன். சிகாகோ குளிர் உங்கள் நெஞ்சைப் பிடிக்காமலிருக்கக் கன்னி மரியாளை வேண்டுகிறேன். அதற்குமேல் நல்ல வார்த்தை இன்று என்னிடம் இல்லை.

ஆலை மேஸ்திரியைச் சுட்டவன் என்று நம் மகன் நாபோரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். காரணம் நீங்கள் வரைந்த சுவர்தான்.

அந்தச் சுவரைக் காட்டி நீங்கள் அனுப்பிய பத்திரிகைப் படத்தை இந்தத் தெருவே கொண்டாடியது. இங்கே பெரிய ஓவியர்களுக்குப் பத்து வருடம் சாந்து பூசியவர், அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஈரச் சுவரில் வரையக் கற்றுக்கொடுக்கிறாரே என்று எனக்கும் தலைகால் புரியவில்லை. ஆலைத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் ஒட்டச் சொன்னதே நான்தான். ஆலை வாசலில் வேலைநிறுத்தக்காரர்கள், நடுவில் நம் நாபோர், கையில் துப்பாக்கி. கீழே 'ஓவியரின் மகன்' என்று பெயரோடு போட்டிருந்தது. ஆலைக்காரர்கள் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேரே நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வேலைநிறுத்தத்தன்று அவன் கொடிக்கம்பின் ஒரு முனையைத்தான் பிடித்திருந்தான். அப்படித்தானே உங்களுக்கு எழுதினேன்? மேஸ்திரியைச் சுட்டது யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வேலைநிறுத்தக்காரன் என்றாலே கையில் துப்பாக்கியைத் திணித்துவிடுகிறீர்கள், நீங்களும் உங்கள் ஓவியர்களும். வெறுங்கையோடு வரைந்தால் சுவருக்கு மரியாதை குறைந்துவிடுமா?

நீதிபதி படத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “பெத்த அப்பனே வரைஞ்சு குடுத்திருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றார்.

சிறையில் அவனைப் பார்த்தேன். உதடு கிழிந்திருக்கிறது. அந்த உதட்டோடு சிரிக்கிறான். “அப்பா என் மூக்கைத்தான் பெருசா போட்டுட்டாரும்மா, துப்பாக்கியாவது நல்லதா குடுத்திருக்காரு” என்கிறான். கொண்டுபோன சோள ரொட்டியை அவனால் மெல்ல முடியவில்லை. காப்பியில் நனைத்துக் கொடுத்தேன்.

சங்கத்து வக்கீல் ஒரு வழி சொல்கிறார். சுவரில் துப்பாக்கி பிடித்த அந்தக் கையைக் கொத்தி எடுங்கள். ஈரச் சாந்தில் வைத்த நிறத்தைச் சுவர் குடித்துவிடும், துடைத்தால் போகாது என்று நீங்களே சொல்வீர்கள். மேலே பூசி மறைத்தால் ஏமாற்று என்பார்கள். அதனால் உளி வைத்துக் கொத்தி, புதுச் சாந்து போட்டு, கொடிக்கம்பை வரையுங்கள். படம் எடுத்து, 'துப்பாக்கி என் கற்பனை' என்று நம் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இருபத்தைந்தாம் தேதி விசாரணை. உங்கள் பெயர் கெடும், தெரியும். கெடட்டும்.

உங்கள்
ஒத்திலியா


ஒரிசாபா,
15 மார்ச் 1935

பிலேமோன்,

உளியைக் கீழே வையுங்கள்.

முந்தாநாள் அவனை வெராகுரூஸ் சிறைக்கு மாற்றுவதாகக் கொண்டுபோனார்கள். வழியில் தப்பி ஓடினானாம், சுட்டார்களாம். உடலை நான்தான் குளிப்பாட்டினேன். குண்டு முதுகில். இரண்டு மணிக்கட்டிலும் கயிற்றுத் தடம் இருந்தது. கை கட்டப்பட்டவன் எங்கே ஓடுவான்? இன்று காலையில் அடக்கம் செய்தோம். ஆலையில் பாதிப் பேர் வேலையை விட்டு வந்தார்கள். மழை விடவில்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் ஒட்டச் சொன்னவள் நான். அந்தக் கோபத்தை இரண்டாக உடைத்தால் பெரிய துண்டு யாருக்கு என்று தெரியவில்லை.

அவனைத் தனியாக ஒரு படம்கூட நாம் எடுத்து வைக்கவில்லை. அவன் முகம் இனி அந்தச் சுவரில் மட்டும்தான். யார் வெள்ளையடிக்க வந்தாலும் முன்னால் நில்லுங்கள்.

என் போன கடிதம் பார்த்து இதற்குள் கொத்தியிருந்தால், மறுபடி சாந்து பூசுங்கள். கொடிக்கம்பு வேண்டாம். துப்பாக்கியையே வரையுங்கள். இங்கே கைகளைக் கட்டிக் கொன்றார்கள். அங்கே அவன் வெறுங்கையோடு நிற்க வேண்டாம்.

வரையும்போது உங்கள் கை நடுங்காமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

நாபோரின் அம்மா