அவரு சாப்பிட்டாரா?

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள சரசுவுக்கு, உன் வீட்டுக்காரன் கோதண்டராமன் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. தினமும்தான் போனில் பார்க்கிறேனே, சிகாகோ குளிரிலும் ஒரு சுற்று பெருத்துத்தான் இருக்கிறாய். கீர்த்தனாவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். பேத்தி ஓவியாவுக்குத் தலை நிற்க ஆரம்பித்துவிட்டது என்றாய். கேட்டு ரொம்ப சந்தோஷம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் உன்னோடு எங்கே பேச முடிகிறது? ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். கீர்த்தனா ஒரு பக்கம் பேசுகிறாள், குழந்தை ஒரு பக்கம் அழுகிறது. நீ வந்து நின்றதும் முதல் வார்த்தையே, கேமராவைத் திருப்புங்க, கொல்லையைக் காட்டுங்க என்பதுதான். என் முகத்தை நீ முழுசாகப் பார்த்து ரெண்டு மாசம் இருக்கும். மீசையை எடுத்துவிட்டேன், தெரியுமா உனக்கு? எடுத்து இருபது நாளாகிறது!

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளின் மருமகன் அருண்பிரசாத் நாளை மறுநாள் அங்கே புறப்படுகிறான். கறிவேப்பிலைப் பொடியும் வடாமும் கொடுத்தனுப்புகிறேன். பொடி டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. மாப்பிள்ளை கண்ணில் படவேண்டாம்.

ஊர்ச் செய்தி பெரிசாக ஒன்றும் இல்லை. போன வாரம் தீபம் முடிந்தது. நம் தெருவில் கார் நிறுத்த இடமில்லாமல் நம் கேட்டுக்கு முன்னாலேயே மூன்று நாள் ஒரு வேனை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். மழை இந்த வருஷம் ஜாஸ்தி. முருங்கையில் ஒரு கிளை முறிந்தது. பயப்படாதே, பறவைகளுக்குத் தீனி வைக்க நீ கொட்டாங்குச்சி கட்டின கிளை இல்லை. அந்தக் கிளை முறிந்திருந்தால் நீ அடுத்த விமானத்திலேயே வந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் விழுந்து கால் முறிந்தால் வருவாயா என்பதுதான் தெரியவில்லை.

ஆமாம், இப்படித்தான் ஆரம்பிக்கப் போகிறேன். எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன். அறுபத்து மூன்று வயசில், பேரப்பிள்ளை எடுத்த பிறகு, ஒரு மொட்டை மைனாவைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

நீ ஊருக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாய். காலை ஆறரைக்கு நொய், கம்பு. மண் சட்டியில் தண்ணீர், தினமும் கழுவி ஊற்ற வேண்டும். ஏழு மணிக்குப் பப்பாளித் துண்டு. சமையலறை ஜன்னல் கம்பியில் உன் பழைய போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, வந்ததுகளையெல்லாம் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தேன். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று எங்கேயும் இல்லை.

இருந்தாலும் ஒரு நாள் விட்டதில்லை. கூச்சல் போடுகிற தவிட்டுக்குருவி ஏழையும் எடுத்தேன், கொண்டைக்குருவி ஜோடியை எடுத்தேன், வாலைத் தூக்கிக்கொண்டு வருகிற அணிலையும் எடுத்தேன். அனுப்பினால் ஒரு பூ படம் வரும், அவ்வளவுதான். மொட்டை வந்த வீடியோ அனுப்பினால் மட்டும் நீயே போனில் வந்துவிடுவாய். மூன்று வருஷமாகத் தனியாக வருகிறதே, தலையில் ஒரு மயிர் இல்லாமல் மஞ்சள் தோல் தெரிய, எல்லாம் தின்றுவிட்டுப் போன பிறகு வந்து, மிச்சத்தைக் குறை சொல்லிக்கொண்டே கொத்துகிறதே, அதில் அப்படி என்ன கண்டாய்? அங்கேயும் மாப்பிள்ளை தோட்டத்தில் கேமரா வைத்த தீனிப்பெட்டி மாட்டியிருக்கிறார், ரத்தச் சிவப்பாக ஒரு பறவை வருகிறது என்று அனுப்பினாய். அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். அதை அனுப்பிவிட்டுக் கீழே என்ன எழுதினாய்? 'இது எவ்ளோ அழகா இருந்தாலும் நம்ம அவரு மாதிரி வராது.'

அவரு! இந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொன்றது சரசு.

அக்டோபரில் ஒருநாள், ஞாபகம் இருக்கிறதா? கீர்த்தனா பேசிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து நீ, அவரு சாப்பிட்டாரான்னு கேளு என்று சொன்னது எனக்குக் கேட்டது. வீட்டுக்காரனை விசாரிக்கிறாள் என்று நெஞ்சு குளிர்ந்துபோய், மூன்று இட்லி சாப்பிட்டேன், தேங்காய்ச் சட்னி நானே அரைத்தேன் என்று சத்தமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அப்பா, அம்மா கேட்டது மைனாவை என்றாள் கீர்த்தனா. நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அந்தச் சட்னியைக் கொட்டிவிட்டேன்.

ஒரு மனுஷி தன் புருஷனை அவரு என்பாள். மைனாவை அது என்பாள். இதுகூடவா மாறிப்போகும்?

போன மாசம் முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இப்போது எழுதுகிறேன். அன்றைக்குத்தான் கீர்த்தனா, அம்மா மார்ச் வரைக்கும் இருக்கட்டும்பா, டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி டிக்கெட்டை மாத்திடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் வாய் என்ன சொன்னது? உங்கம்மா இஷ்டம் என்று சொன்னது. அப்புறம் நீ போனை வாங்கினாய். இதோ ஏதாவது சொல்லப் போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரிங்க, அவருக்குப் பப்பாளி வெச்சீங்களா என்று கேட்டாய்.

கொல்லைக்குப் போனேன். அது கொட்டாங்குச்சி விளிம்பில் உட்கார்ந்து, பப்பாளியை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. செருப்பைக் கழற்றி எறிந்தேன். மேலே படவில்லை. சத்தியமாகப் படவில்லை. கொட்டாங்குச்சி ஒன்று உடைந்தது. அது சுவரைத் தாண்டிப் பறந்தது, அதற்குப் பிறகு வரவில்லை.

தீபத்து வெடிச் சத்தத்தில் எங்கேயாவது ஒதுங்கியிருக்கும் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். நீ தினமும் கேட்கக் கேட்க, உன் பழைய போனில் இருந்த வீடியோ ஒன்றை எடுத்து, சத்தம் வைத்துக்கூடப் பார்க்காமல், இன்றைக்கு வந்தது என்று அனுப்பினேன். அதுவும் பொய். நீ பார்த்துவிட்டு, நான் போறதுக்கு முன்னால காயப்போட்ட மாம்பழக்கலர் புடவை இன்னுமா கொடியில இருக்குது என்று கேட்டாய். ஆமாம், எடுக்க மறந்துவிட்டேன் என்றேன். மூன்று மாசம், இந்த மழையில்! கண்டுபிடித்துவிட்டாய் என்று அப்போதே தெரியும்.

சரி, அடுத்த நாளைக்குப் புடவை இல்லாத வீடியோவாகத் தேடலாம் என்று உட்கார்ந்தேன். நீ இங்கே இருந்தபோது எங்களுக்கெல்லாம் வீடியோ அனுப்பினால் நாதஸ்வர இசையைச் சேர்த்துத்தான் அனுப்புவாய். அதனால் உன் வீடியோவில் வேறு சத்தம் இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை. அந்த போனில் இருந்ததோ நாதஸ்வரம் சேர்க்காதது. ஒன்றைத் தட்டினேன். கொட்டாங்குச்சி தெரிந்தது, பறவை எதுவும் இல்லை. உன் குரல் மட்டும் கேட்டது.

'யோவ் கோதண்டராமா, எங்கய்யா போய்ட்ட?'

நான் இருந்த இடத்திலிருந்தே, இங்கதான் இருக்கேன் என்று பதில் சொல்லிவிட்டேன் சரசு.

முப்பத்தாறு வருஷமாகிறது நமக்குக் கல்யாணம் ஆகி. என் பெயர் ஒரு தடவை உன் வாயிலிருந்து வந்ததில்லை. ரேஷன் கார்டு முகாமில் வீட்டுக்காரர் பெயர் கேட்டதற்கு, வில்லு வெச்சிருப்பாரே சாமி, அவரு பேரு என்று நீ சொல்லி, அந்த ஆள் வில்வநாதன் என்று எழுதிவைத்து, அதைத் திருத்த நான் நாலு மாசம் அலைந்தேன். பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பாய். அந்தப் பெயரைத்தான் தினமும் காலையில் கொல்லையில் நின்று வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறாய். என் பெயர் உன் குரலில் எப்படி இருக்கும் என்று எனக்கு முன்னால் அந்த மொட்டைக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு நான் பொறாமைப்படாமல் என்ன செய்வேன்?

அன்றைக்குச் சாப்பிடாமல் எல்லாவற்றையும் பார்த்தேன். மெதுவா தின்னுய்யா, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க என்கிறாய். இன்னைக்காவது நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லேன், வாய் கொறஞ்சா போய்டும் என்கிறாய். ஒரு வீடியோவில் அதற்குக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டு, பதிலையும் நீயே சொல்லிக்கொள்கிறாய். இதெல்லாம் அதற்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா? மற்றவர்கள் முன்னால் அந்த மைனா உனக்கு ஏன் அவரு ஆனது என்பதும் அப்போதுதான் புரிந்தது. என் பெயரை வைத்த பிறகு அது என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி எடுத்ததைக் கடைசியாகப் பார்த்தேன். நீ புறப்படுவதற்கு முந்தின நாள். அதில் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எத்தனை தடவை கேட்டேன் என்று கேட்காதே.

'நாளைக்கு நான் போறேன்யா. மூணரை மாசம். போவாதடீன்னு ஒரு வார்த்தை சொல்லு பாக்கலாம். சொல்ல மாட்ட. உன் இஷ்டம்னுவ. முப்பத்தாறு வருஷமா எல்லாம் என் இஷ்டம்தான். உனுக்குன்னு ஒரு இஷ்டமே கெடையாதாய்யா?'

முப்பத்தோரு வருஷம் ஆபீசில் கோப்பு எழுதினவன் நான். சொந்த அபிப்பிராயத்தை எழுதாதே, மேலே இருப்பவர் விருப்பப்படி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடு என்று பழகிப்போனேன். வீட்டிலும் அதையே எழுதியிருக்கிறேன். உனக்கு உரிமை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் இஷ்டம் இஷ்டம் என்று சொன்னேன். அது உனக்கு இப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. மார்ச் விஷயத்தில் நான் சொன்ன பிறகு நீ பேசாமல் இருந்தாயே, எதற்காகக் காத்திருந்தாய் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. நான் சொல்லவில்லை. நீ பப்பாளியைக் கேட்டாய்.

மறுநாள் காலையில் புதுக் கொட்டாங்குச்சி கட்டி, நன்றாகப் பழுத்த பப்பாளியாக வைத்துவிட்டு, அதைக் கூப்பிட்டேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? வேறு பெயர் அதற்குத் தெரியாதே. கோதண்டராமா, வா, கோதண்டராமா, வா என்று கத்தினேன். பச்சையம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, இன்னா சார், உங்க பேர நீங்களே கூப்ட்டுக்கினு இருக்கீங்க, ஒடம்பு நல்லாகீதா என்று கேட்டாள். அக்காவுக்குப் போன் போடட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் தாயே என்று உள்ளே வந்துவிட்டேன். அது வரவில்லை.

அப்புறம் உன் போனை ஜன்னல் கம்பியில் கட்டி, சத்தத்தை முழுசாக வைத்து, உன் வீடியோவை ஓடவிட்டேன். எங்கய்யா போய்ட்ட என்று நீ கேட்ட மூன்றாவது தடவை, சுவர்மேல் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்து ஜன்னலைப் பார்த்தது. பப்பாளியைத் தொடவில்லை. உன்னைத்தான் தேடியது. அந்தப் பக்கம் அதுவும் இந்தப் பக்கம் நானும் அந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் இரண்டு பேர் தலையும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது தினமும் வருகிறது. செருப்புக்காக மன்னித்துவிட்டதா என்று தெரியவில்லை. பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை.

சரசு, இந்தத் தடவை இஷ்டம் என்று எழுதுவேன், ஆனால் உன் இஷ்டம் என்று எழுத மாட்டேன். என் இஷ்டத்தை எழுதுகிறேன். டிக்கெட்டை மாற்றாதே. சம்பந்தியம்மா ஜனவரி முதல் வாரம் வருகிறார் என்று நீயே சொன்னாய், ஆகவே கீர்த்தனா தனியாகத் தவிக்க மாட்டாள். இருபத்தெட்டாம் தேதி புறப்பட்டு வந்துவிடு. போயிருக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன், பேத்தியைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதை மூன்று மாசம் தாமதமாக இப்போது சொல்கிறேன்: போகாதேடி.

வந்ததும் கேட்டில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. யோவ் சேர்த்தே கூப்பிடு, பரவாயில்லை. ஆயுசைப் பற்றிப் பயப்படாதே. மொட்டை மூன்று வருஷமாக அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு கல் மாதிரி இருக்கிறது. கொல்லையிலிருந்து அதுவும் பதில் கொடுக்கத்தான் செய்யும். கொடுக்கட்டும். கேட்டுக்கு முதலில் வந்து நிற்பவன் நானாக இருப்பேன்.

கீர்த்தனாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. ஓவியாக் குட்டி நூறு வயசு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்
கோதண்டராமன்
(செருப்பு எறிந்தவன்)

பி.கு.: காலை மணி எட்டரை. அவரு சாப்பிட்டாரு. நான் இன்னும் சாப்பிடவில்லை.