அப்பாகிட்டச் சொல்லு

11 ஜூலை 1991, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். குழாய்த் தண்ணீர் சீக்கிரமே நின்றுவிட்டது. ஒரு அண்டா மட்டும் பிடித்தேன்.

மதியம் பெர்மிஷன் போட்டு ஆஸ்பத்திரி. தலைவலி என்று போனவளை மாத்திரை டாக்டர் இந்தப் பேசுகிற டாக்டரம்மாவிடம் தள்ளிவிட்டார். இப்போது வாரம் தவறாமல் வியாழக்கிழமை. பக்கத்து மெஷின் கஸ்தூரிக்குச் சந்தேகம். "இன்னாக்கா, தலவலின்னு சொல்லிகினு வாரா வாரம் போயிகினு கீறே?" கண்ணாடி மாற்றணும் என்று புளுகினேன். எனக்குப் பைத்தியம் என்று தையல் செக்‌ஷன் முழுக்கப் பரவ ஒரு டீ டைம் போதும்.

வீட்டில் ஞாயிறு முதல் என் வீட்டுக்காரரோடு பேச்சில்லை. அவர் தம்பி சாப்பிட வந்திருந்தபோது, இவள் சமையலுக்கு ஃபேக்டரி கேன்டீனே தேவலாம் என்று சொல்லிச் சிரித்தார். தம்பியும் சிரித்தான். அதோடு வாயை மூடினேன். வழக்கம் போல இன்னும் ஒரு வாரமாவது இழுக்கும்.

டாக்டரம்மா திட்டவில்லை, புத்தியும் சொல்லவில்லை. கேள்வி மட்டும்தான். கோபம் வந்தால் உடம்பில் எங்கே தெரியும்? தாடையில் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. சரி, பேசாமல் குடித்தனம் எப்படி நடக்கிறது? மகள் செல்வி இருக்கிறாளே, நாலாவது படிக்கிறாள், சூட்டிகை, அவளிடம் சொல்லி அனுப்புவேன் என்றேன்.

"நீங்க சொன்னத அப்படியே போய்ச் சொல்றாளா?"

எரிச்சலாக வந்தது. பின்னே கதையா கட்டுவாள்?

வாங்க: ரவை, சீயக்காய், செல்விக்குக் கோடு போட்ட நோட்டு.

13, சனி

வெயில். ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை.

எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு திரைதான். பம்ப் ஸ்டவ் இரைச்சலில் அந்தப் பக்கம் பேசுவது கேட்காது. இன்று எண்ணெய் தீர்ந்து அடுப்பு அணைந்துபோனது. அப்போதுதான் செல்வியிடம் சொல்லி அனுப்பினேன். "உங்கப்பாகிட்டச் சொல்லு, போட்டு வெச்சிருக்கு, இஷ்டம் இருந்தா தின்னட்டும்."

திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் குரல்: "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்புட்றாங்க. ஆறிடுமாம்."

அவர்: "எனக்கு வேணாம், அவளையே கொட்டிக்கச் சொல்லு."

திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா அப்புறமா சாப்பிட்றாராம்மா. நீ பசியோட இருக்கக் கூடாதாம்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்று நேற்றுப் பழகிய வேலையாகத் தெரியவில்லை. கரண்டியும் கையுமாக நின்றேன். எத்தனை தடவை "அம்மா சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க" என்று நான் இறங்கி வந்ததாக அவரிடம் சொல்லியிருப்பாளோ. நான் இறங்கி வந்ததே இல்லை. அவரும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் வந்திருக்கிறாள்.

அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "கை ஈரம்மா" என்று நெளிந்தாள்.

14, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. துணி ஊறவைத்தது அப்படியே கிடக்கிறது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் நானும் இதே வேலைதான் பார்த்தேன். அம்மா ஒரு மூலை, அப்பா ஒரு மூலை. நான் மாற்றிச் சொன்னதில்லை. அப்படியே ஒப்பித்து, இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் தெரிந்திருந்தும் என் பிள்ளையைக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தினேனே. பாவி.

18, வியாழன்

தூறல். காலையில் காலரைத் திருப்பித் தைத்துவிட்டேன். அத்தனையும் பிரித்து மறுபடி. கஸ்தூரி ஒன்றும் கேட்காமல் பாதியை வாங்கிப் பிரித்துக் கொடுத்தாள்.

டாக்டரம்மாவிடம் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். பரவாயில்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. செல்வி வீட்டில் இல்லாவிட்டால் அவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. ஒரே ஒரு வாக்கியம், இன்றைக்கே, நேராக அவரிடம், என்றார். "அழகா வரணும்னு இல்ல."

வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். குவார்ட்டர்ஸ் வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தார்.

சாயங்காலம். அவர் பேப்பரோடு, செல்வி தரையில் வீட்டுப்பாடம். போய் நின்றேன். தாடை இறுகியது. இதோ இறுகுகிறது என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே வாயைத் திறந்தேன்.

"ஏங்க. உங்க தம்பி முன்னாடி நீங்க அப்படிச் சொன்னது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துது."

பேப்பர் இறங்கியது. என்னைப் பார்த்தார். பழக்கதோஷம், அவர் தலை தானாகச் செல்வி பக்கம் திரும்பியது.

அவள் நிமிரக்கூட இல்லை. எழுதிக்கொண்டே சொன்னாள். "அப்பா மன்னிப்பு கேக்கறாரும்மா."

அவர் வாயையே திறக்கவில்லை.

"நீ எழுதும்மா. அப்பா என்ன சொல்லணுமோ அவரே சொல்லட்டும்" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். செல்வி எழுதவில்லை. பென்சிலைப் பிடித்தபடி அவர் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.